ஓடாத வண்டியும் ஓயாத வழக்கும்

மனிதனுக்குப் பிறப்புப் பதிவு உண்டு. இறப்புப் பதிவும் உண்டு. மோட்டார் வண்டிக்கும் அப்படியே. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த வண்டி, போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் வீதியில் ஓடும் உரிமையை அடைகிறது. அதன் ஆயுள் முடியும்போது அந்தப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டம். ஆனால், தொடக்கத்தைப் பதிவு செய்வதில் நாம் காட்டும் ஆர்வத்தை முடிவைப் பதிவு செய்வதில் காட்டுவதில்லை. புதிய வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டுகிறோம். அதே வண்டி பழுதுபட்டால் ஒரு மூலையில் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறோம். நாம் மறந்துவிட்டதனால் வண்டி மறைந்து போவதில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த இடம் யாருக்கு உரியது என்ற கேள்வியில் வழக்குப் பிறக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வண்டி நிறுத்துவதற்கான விதிகளைப் பற்றியும், பதிவுக் காலம் கடந்த குடித்தனக்காரர் வண்டிகளைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம். 'இது என்ன, வீட்டு வாசல் சண்டைதானே!' என்று மாணவர்கள் நினைத்துவிட வேண்டாம். சட்டம் என்றால் என்ன, உரிமை என்றால் என்ன, அண்டை வீட்டாரோடு கூடி வாழ்வது எப்படி என்னும் பெரிய பாடங்கள் இந்தச் சிறிய வாசலில் அடங்கியிருக்கின்றன.

இந்தப் பொருளைப் பேசுவதற்கு வடசென்னை மிகவும் பொருத்தமான இடம். மோட்டார் வண்டிகள் பிறந்த மண் அது. 1948ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரிகளுக்கும் பஸ்களுக்கும் புகழ் பெற்றது. அதே 1955ஆம் ஆண்டில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. வண்டி ஓடுவதற்கு டயர் வேண்டுமல்லவா? 1946இல் திருவொற்றியூரில் குழந்தைகள் விளையாடும் பலூன்களைச் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1960களில் டயர் உற்பத்தியில் இறங்கியது. இவ்வாறு வண்டியின் உடலும் காலும் உருவான வட்டாரம் அது. இராயபுரத்திலிருந்து 1856ஆம் ஆண்டிலேயே தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சக்கரத்தோடு அந்தப் பகுதிக்கு உள்ள உறவு பழமையானது.

ஆனால், சக்கரங்கள் பெருகிய அளவுக்கு நிலம் பெருகவில்லை. திருவொற்றியூரை எண்ணிப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் கோயிலும் கடைத்தெருவும் தொழிற்சாலையும் மீனவர் குடியிருப்பும் நெருங்கி நிற்கின்றன. துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வாயிலில் முறைக்காகக் காத்து, நெடுஞ்சாலையோரம் வரிசையாக நிற்பது அங்கே பழகிப்போன காட்சி. ஆகவே, வீதியில் வண்டியை விட இடமில்லை. தனி வீடுகள் இருந்த மனைகளிலெல்லாம் அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. அவற்றில் குடியிருப்பவர் பலர் வாடகைக்கு வந்தவர்கள்: துறைமுகத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், ஆலையில் வேலை செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர், பல மாதங்களுக்கு ஒருமுறை கரை சேரும் கப்பல் பணியாளர். ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி தேவை. சிலருக்கு வண்டியே சோறு.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. கீழ்த்தளத்தில் தூண்களுக்கு இடையே ஆறு கார்கள் நிற்கலாம். ஐந்து வீடுகளில் உரிமையாளரே வாழ்கின்றனர். ஏழு வீடுகளில் குடித்தனக்காரர். ஒரு தூணின் ஓரமாக ஒரு கார் நிற்கிறது. டயரில் காற்று இல்லை. கண்ணாடியில் குழந்தைகள் விரலால் எழுதிய எழுத்துகள். அதன் பதிவுக் காலம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒருநாள் படிக்கட்டுச் சுவரில் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. 'பதிவு முடிந்த குடித்தனக்காரர் வண்டிகளை ஏழு நாட்களுக்குள் அகற்றிவிட வேண்டும். தவறினால் சங்கமே அப்புறப்படுத்தும்' என்று அதில் கண்டிருக்கிறது. காருக்கு உரிய குடித்தனக்காரர் சீறுகிறார்: 'என் காரைச் சொல்கிறீர்களே, மாடிப்படியின் கீழே எட்டு ஆண்டுகளாகக் கிடக்கும் செயலாளரின் ஸ்கூட்டர் உங்கள் கண்ணில் படவில்லையா?' சங்கத்தின் குறை நியாயமானது. குடித்தனக்காரரின் கேள்வியும் நியாயமானது. இருவரும் நியாயம் பேசும்போதுதான் சட்டத்தின் துணை தேவைப்படுகிறது.

இந்த வழக்கைத் தீர்க்க மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பதிவு முடிவது என்றால் என்ன? சாலைக்கான சட்டம் மதிற்சுவருக்கு உள்ளேயும் செல்லுமா? வண்டி நிற்கும் இடம் யாருக்குச் சொந்தம்?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். சொந்த உபயோகத்திற்கான காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம்; பிறகும் அவ்வாறே. ஆகவே, 15 ஆண்டு முடிந்ததும் வண்டி செத்துவிட்டது என்று கருதுவது பிழை. தலைநகர் டில்லியில் காற்று மாசு காரணமாகப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஓர் ஆணை பிறப்பித்தது. 15 ஆண்டு கடந்த வண்டிகளை ஓட்டவும் பொது இடத்தில் நிறுத்தவும் அது தடை செய்தது. அதைத் தொடர்ந்து பல வழக்குகளும் மாற்றங்களும் நேர்ந்தன. அவையெல்லாம் டில்லி வட்டாரத்தைப் பற்றியவை. பத்திரிகையில் அச்செய்தியைப் படித்துவிட்டு, திருவொற்றியூரில் நிற்கும் காருக்குத் தண்டனை விதிப்பது முறையாகாது.

வாடகைக்கு ஓடும் ஆட்டோவுக்கும் லாரிக்கும் கணக்கு வேறு. அவற்றிற்குத் தகுதிச் சான்று ஒன்று வேண்டும். தொழிலாளர் நாவில் அது 'எஃப்.சி.' என்று வழங்கும். அந்தச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டியைச் செல்லத்தக்க பதிவு உடையதாகவே சட்டம் கருதுவதில்லை. இது நுணுக்கமான இடம். நன்றாகக் கவனிக்க வேண்டும். ஓர் ஆட்டோக்காரர் எஃப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கு முன்பு தகரம் தட்டி, வண்ணம் பூசி, எஞ்சினைச் சீர் செய்ய வேண்டும். கையில் பணம் சேரும் வரையில் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. அந்த நாட்களில் அவருடைய வண்டியும் 'பதிவு செல்லாத வண்டி'தான். ஆனால் அது கைவிடப்பட்ட வண்டியா? அன்று, நோயுற்றுப் படுத்திருக்கும் தொழிலாளியைப் போன்றது அது. மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் காரையும், மறு வாரம் தெருவிற்குச் செல்லவிருக்கும் ஆட்டோவையும் ஒரே கயிற்றால் கட்டும் விதி நல்ல விதியாகாது.

இரண்டாவது கேள்வி: சாலைச் சட்டம் மதிலுக்குள் நுழையுமா? பதிவில்லாத வண்டியைப் பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டலாகாது என்பது சட்டத்தின் 39ஆம் பிரிவு. 'ஓட்டலாகாது' என்பதே அங்கே உள்ள சொல். 'நிறுத்தலாகாது' என்று இல்லை. பொது இடத்தில் 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியை அப்புறப்படுத்த, சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி ஆணையிடலாம் என்பது 127ஆம் பிரிவு. இந்த அதிகாரம் பொது இடத்திற்கு உரியது. வாயிற்கதவு போட்டு, வெளியார் நுழையாதபடி காவல் வைத்திருக்கும் குடியிருப்பின் கீழ்த்தளத்தை அந்தப் பிரிவின் கீழ்க் கொண்டுவருவது எளிதன்று.

அண்மையில் ஒரு வழக்கில் இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் தெளிவாக எடுத்துரைத்தது. விசாகப்பட்டினம் உருக்காலையின் மதில் சூழ்ந்த முற்றத்திற்குள் மட்டுமே சில வண்டிகள் வேலை செய்தன. பொதுமக்கள் அங்கே தம் விருப்பப்படி நுழைய முடியாது. அந்த வண்டிகள் உள்ளேயே இருந்த காலத்திற்கு மோட்டார் வரி செலுத்த வேண்டுமா என்பது கேள்வி. பொது இடத்தைப் பயன்படுத்தாத காலத்திற்கு வரி இல்லை என்று 2025 ஆகஸ்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. மதிலுக்கு உள்ளே, வெளியே என்னும் பிரிவுக்குச் சட்டத்தில் எத்தனை மதிப்பு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால், உள்ளே நிற்கும் வண்டியால் உரிமையாளருக்கு ஒரு பொறுப்பும் இல்லையா? உண்டு. ஓடினால்தான் வண்டி 'உபயோகத்தில்' இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று நினைப்பவர் பலர். மகாராஷ்டிரத்தில் ஒரு பெட்ரோல் டாங்கர் லாரி சாலையோரம் கவிழ்ந்து கிடந்தது. சில மணி நேரம் கழித்துக் கசிந்த பெட்ரோல் தீப்பற்றி வெடித்தது, பலர் மாண்டனர். 'கவிழ்ந்து கிடந்த வண்டி உபயோகத்தில் இல்லையே, நாங்கள் ஏன் ஈடு கொடுக்க வேண்டும்?' என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. ஓடாமல் கிடந்தாலும் அந்த விபத்து வண்டியின் உபயோகத்தால் விளைந்ததே என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிற்கும் வண்டியும் தீங்கு செய்யும். அந்தத் தீங்குக்கு ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும் என்னும் உண்மை அதில் அடங்கியிருக்கிறது. பதிவு காலாவதியான வண்டிக்குப் பெரும்பாலும் இன்ஷூரன்சும் இருப்பதில்லை. அதனால் தீங்கு நேர்ந்தால் இழப்பு யார் தலையில் விழும் என்பதை அண்டை வீட்டார் கேட்பது முற்றிலும் தகும்.

மூன்றாவது கேள்வி: இடம் யாருடையது? மும்பையில் ஒரு கட்டிட நிறுவனம், தூண்களுக்கு இடையிலுள்ள வண்டி நிறுத்தும் இடங்களைத் தனித்தனியே விற்க உரிமை கோரியது. குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம் அதை எதிர்த்தது. அந்த இடம் எல்லோருக்கும் பொதுவான பகுதி. கட்டியவர் அதைத் தனியே விற்க முடியாது என்று 2010 ஆகஸ்டு 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மகாராஷ்டிர மாநிலச் சட்டத்தை வைத்து எழுந்த தீர்ப்பு அது. ஆயினும், பொது இடம் என்னும் கருத்தை நாடெங்கும் பரவச் செய்தது. நம் மாநிலத்தில் அடுக்குமாடி வீட்டுரிமைச் சட்டம் 1994இல் வந்தது. அதற்கு மாற்றாக 2022ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்தது. பொதுப் பகுதியை நிர்வகிக்கும் பொறுப்பு உரிமையாளர் சங்கத்தைச் சார்ந்தது. சங்கம் முறைப்படி இயற்றும் துணைவிதிகள், வீட்டுக்காரரையும் அவரிடம் குடியிருப்பவரையும் சேர்த்தே கட்டுப்படுத்தும்.

குடித்தனக்காரருக்கு அந்த இடத்தில் என்ன உரிமை? வீட்டுக்காரருக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அதிலிருந்து பிறப்பதே குடித்தனக்காரரின் உரிமை. வீட்டுக்காரர் தம் பங்கிலுள்ள இடத்தை வாடகை ஒப்பந்தத்தில் சேர்த்துக் கொடுத்திருந்தால், அந்த இடத்தைக் குடித்தனக்காரர் பயன்படுத்துவதைச் சங்கம் 'நீ வாடகைக்கு வந்தவன்' என்னும் ஒரே காரணத்தால் மறுக்க முடியாது. ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால், சண்டை சங்கத்தோடு அன்று, வீட்டுக்காரரோடு. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது முதல், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 'வாய்வார்த்தையே போதும்' என்னும் பழைய வழக்கத்தால், வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எழுதாத அந்த ஒரு வரியே பின்னால் பல பக்க வழக்காக விரிகிறது.

கேள்விகள் மூன்றுக்கும் விடை கண்டோம். ஆயினும், சட்டம் இடம் கொடுக்கிறது என்பதனால் பழைய வண்டியை அப்படியே போட்டு வைக்கலாமா? கடற்கரை ஊரில் அது எத்தகைய தீங்கு என்பதைப் பார்க்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் துரு விரைந்து பரவும். கடற்காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உப்பு, தகட்டின் மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்கிறது. அந்த உப்புநீர்ப் படலத்தில் இரும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. உள்நாட்டில் ஒரு வண்டி பல ஆண்டுகளில் அடையும் முதுமையை, எண்ணூர்க் கரையில் நிற்கும் வண்டி மிகக் குறுகிய காலத்தில் அடைந்துவிடும். பெட்ரோல் தொட்டியும் பிரேக் குழாயும் அரிக்கப்பட்டு ஓட்டை விழுந்தால், எஞ்சியிருக்கும் எரிபொருள் கீழே கசியும். பக்கத்தில் மின்சாரப் பெட்டி. மேலே பன்னிரண்டு குடும்பங்கள். அன்றி, தீயணைப்பு வண்டியோ நோயாளியை ஏற்றும் ஆம்புலன்சோ வரும் வழியில் அந்தக் கார் கிடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மழைக்காலத்தில் வேறொரு பகை தோன்றுகிறது. கழற்றிப் போட்ட டயரிலும், குழிந்த தகட்டிலும் தேங்கிய தெளிந்த நீரில் ஏடிஸ் என்னும் கொசு முட்டையிடுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது இக்கொசுவே. முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டை அழிந்துவிடுவதில்லை. டயரின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிந்து வெளிவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர்ப் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. மக்களின் வண்டிகளும் அதில் நனைந்தன. அத்தகைய இடர் நேரும்போது, ஓடும் வண்டியை மேட்டிற்குக் கொண்டுபோகலாம். ஓடாத வண்டியோ இருந்த இடத்தில் இருந்து, பிற வண்டிகளின் வழியையும் மறித்துக்கொண்டிருக்கும்.

கேட்பாரற்ற பொருளைக் காகிதத்தின் உறக்கத்தில் விட்டுவைத்தால் என்ன நேரும் என்பதற்கு வடசென்னையிலேயே ஒரு பெரிய பாடம் உண்டு. 2015ஆம் ஆண்டு சுங்கத் துறையினர் 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டைக் கைப்பற்றினர். வழக்கு நடந்துகொண்டிருந்தது; சரக்கு 37 கண்டெய்னர்களில் மணலிப் பகுதியிலுள்ள சரக்குக் கிடங்கில் கிடந்தது. ஆண்டுகள் சென்றன. 2020 ஆகஸ்டு 4ஆம் நாள், கடலுக்கு அப்பால் பெய்ரூத் துறைமுகத்தில், அதேபோல் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்து இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். அந்த ஓசை கேட்ட பிறகுதான் மணலியில் கிடந்த சரக்கு எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. ஏலத்தில் எடுக்கப்பெற்று, அதே மாதத்தில் ஐதராபாத்துக்கு அது அனுப்பப்பட்டது. ஒரு பழைய காரும் வெடிமருந்துச் சரக்கும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் நோய் ஒன்றே: உரியவர் வரமாட்டார், மற்றவருக்குத் தொட உரிமை இல்லை, முடிவு செய்ய வேண்டியவர் நாளை என்று தள்ளுவார். இந்த நோய்க்கு மருந்து, காலத்தோடு முடிவு செய்யும் ஒழுங்கான விதி ஒன்றே.

அந்த விதி எப்படி இருக்க வேண்டும்? முதலாவதாக, எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 'குடித்தனக்காரர் வண்டி' என்று விதியில் எழுதிய அந்த நொடியிலேயே அதன் நியாயம் போய்விடுகிறது. துருவுக்கும் கொசுவுக்கும் வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்ற பேதம் தெரியாது. செயலாளரின் ஸ்கூட்டர் முதலில் வெளியேறட்டும்; அதன் பின் குடித்தனக்காரரின் கார் தானே வெளியேறும்.

இரண்டாவதாக, விதி வண்டியின் காகிதத்தை மட்டும் பாராமல் அதன் நிலையையும் பார்க்க வேண்டும். பதிவு முடிந்தது எப்போது? வண்டி நகரக்கூடியதா? எண்ணெய் கசிகிறதா? வழியை மறிக்கிறதா? இவற்றைக் கேட்ட பிறகே கெடு விதிக்க வேண்டும். எஃப்.சி.க்குக் காத்திருக்கும் ஆட்டோவுக்கு ஒரு கெடு. கடலில் இருக்கும் கப்பல் பணியாளரின் மோட்டார் சைக்கிளுக்கு அவர் கரை சேரும் வரையில் ஒரு கெடு. கேட்பாரற்ற காருக்கு ஒரு கெடு என்று வகுப்பதே நடுநிலை. வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவரின் வண்டியில் வேற்று மாநில எண் இருந்தால் அதைக் குற்றமாகக் கருதக் கூடாது. 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால்தான் இம்மாநில எண் பெற வேண்டும் என்று சட்டமே அவகாசம் தருகிறது.

மூன்றாவதாக, சங்கம் தானே நீதிபதியாகவும் தானே அமீனாவாகவும் ஆகிவிடக் கூடாது. எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம், விளக்கம் கேட்கலாம், துணைவிதி இடம் தந்தால் கட்டணம் விதிக்கலாம், வீட்டுக்காரருக்கும் எழுதலாம், போலீசுக்கு மனுச் செய்யலாம், நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால், உரியவரின் இசைவின்றிப் பூட்டை உடைத்து, வண்டியை இழுத்துச் சென்று காயலான் கடையில் போட்டுவிட்டால், நியாயம் பேசிய சங்கமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது முதலியவற்றால் குடித்தனக்காரரை வழிக்குக் கொண்டுவர நினைப்பதும் வாடகைச் சட்டம் ஒப்பாத செயல். பொறுமை குறைந்த இடத்தில் உரிமை தோற்றுவிடும்.

வண்டிக்கு உரியவருக்கும் சில சொற்கள் சொல்ல வேண்டும். அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. வண்டி நல்ல நிலையில் இருந்தால் புதுப்பித்துக்கொள்வது முதல் வழி. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் 1,000 ரூபாயாகவும், காருக்கு 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றிற்கு 2025இல் அது இரட்டிப்பாயிற்று. காலம் தாழ்த்தினால் மாதந்தோறும் அபராதமும் ஏறும். ஆகவே, 'பிறகு பார்க்கலாம்' என்பவர் பணத்தையும் இழக்கிறார்.

பழுது பார்க்க இயலாத வண்டியானால், 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்து, பதிவுச் சான்றையும் ஒப்படைத்துப் பதிவை நீக்கிக்கொள்வது இரண்டாம் வழி. அரசாங்கத்தின் அனுமதி பெற்ற வண்டி உடைப்பு நிலையத்தில் ஒப்படைப்பது மூன்றாம் வழி. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அந்நிலையம் ஒப்படைப்புச் சான்று ஒன்று தரும். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டி வரிச் சலுகை பெறலாம்.

நான்காவதாக ஒரு வழியைச் சிலர் கையாள்கிறார்கள். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பதிவைத் தம் பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. ஒருவர் 2007ஆம் ஆண்டு தம் காரை விற்றார். அது கை மாறிக் கை மாறிச் சென்றது; பதிவேட்டில் மட்டும் அவர் பெயரே நின்றது. 2009இல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி ஒரு குழந்தை உயிரிழந்தது. இழப்பீட்டிற்குப் பொறுப்பானவர் யார் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் தீர்ப்பாயிற்று. வண்டி கையை விட்டுப் போய்விட்டது. பொறுப்பு மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை. இரும்பை விற்பது எளிது; பெயரை மீட்பது கடினம்.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும் காணலாம். ஜப்பான் இடம் குறைந்த நாடு. 1962ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். கார் வைத்திருக்க விரும்புபவர், அதை நிறுத்த வீதிக்குப் புறம்பாகத் தமக்கு ஓர் இடம் உண்டு என்று காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. சிங்கப்பூரில் 1990 முதல் கார் வாங்குவதற்கே தனி உரிமைச் சான்று பெற வேண்டும். அதன் காலம் 10 ஆண்டு. காலம் முடிந்ததும் மீண்டும் பணம் கட்டிச் சான்றை நீட்டிக்க வேண்டும். இல்லையேல் பதிவை நீக்க வேண்டும். எந்த நாட்டின் விதியையும் அப்படியே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அந்நாட்டார் செல்வமும் நிலையும் வேறு. ஒரு பழைய ஆட்டோவை நம்பி நான்கு பேர் உண்ணும் நம் குடும்பத்தின் நிலை வேறு. ஆயினும், வண்டி வாங்கும் நாளிலேயே அது நிற்கும் இடத்தையும், அது முடியும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் அறிவை அவர்களிடமிருந்து நாம் பெறலாம்.

மாணவர்களே, குடிமைப் பாடத்தில் நாடாளுமன்றத்தைப் பற்றியும் நீதிமன்றத்தைப் பற்றியும் படிக்கிறீர்கள். உங்கள் குடியிருப்பின் சங்கமும் ஒரு சிறிய மன்றமே. அங்கே விதி இயற்றுவோர் உண்டு. அதை நடத்துவோர் உண்டு. அதற்குக் கட்டுப்படுவோர் உண்டு. அடுத்த முறை படிக்கட்டுச் சுவரில் ஓர் அறிவிப்பைக் கண்டால், நின்று படியுங்கள். அது எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கிறதா, காரணம் சொல்கிறதா, அவகாசம் தருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். அவ்வாறே, உங்கள் வீட்டு வண்டியின் பதிவுச் சான்றை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாள் வருவதற்கு முன்பே தந்தையாரிடம் நினைவூட்டுங்கள். விதியைப் படித்துக் கேள்வி கேட்பதும், நம் கடமையை நாள் தவறாமல் செய்வதும் சேர்ந்து நடந்தால், பன்னிரண்டு குடும்பங்கள் ஆறு இடங்களைப் பங்கிட்டுக்கொண்டும் பகையின்றி வாழலாம்.